ரூம் இல்லை என்று சொல்கிற வேலை

வெல்னஸ் என்றால் என்னவென்று உங்களுக்குத் தெரியுமா? எனக்குத் தெரியும். அது ஆரஞ்சு நிறத்தில் ஒரு டி-ஷர்ட்.

முன்பக்கம் தாமரை, பின்பக்கம் ‘மனமே மகிழ்ந்திரு’ என்று கொட்டை எழுத்து. எல்லாருக்கும் ஒரே சைஸ். ஒல்லியான வாட்ச்மேனுக்கு அது ஜிப்பா. எனக்கு... வேண்டாம், விடுங்கள். புடவைக்கு மேல் அதை மாட்டிக்கொண்டு கிரிவலப் பாதையில் நடந்த ஒரே பத்தி எழுத்தாளர் நானாகத்தான் இருப்பேன்.

இது நடந்து இரண்டு மாதம் ஆகிறது. அன்றைக்கே எழுதியிருப்பேன், கை துறுதுறுத்தது. ஆனால் இது என் கதை மட்டும் இல்லையே! சம்பந்தப்பட்டவர் ‘எழுதுங்கக்கா’ என்று சொல்லட்டும் என்று காத்திருந்தேன். போன வாரம்தான் சொன்னார். பேர்களை மட்டும் மாற்றிவிட்டேன்.

எங்கள் திருவண்ணாமலையில், கோயிலுக்குக் கொஞ்சம் தள்ளி இருக்கிற ஒரு லாட்ஜுக்கு மேனேஜர் பாஸ்கர். நம் பத்தியின் நெடுநாள் வாசகர். தங்கமான மனிதர். என்ன ஒன்று... காலையில் யூடியூபில் எதைப் பார்க்கிறாரோ, மத்தியானத்துக்குள் அதை ஸ்டாஃப் மேல் பிரயோகித்துவிடுவார். ஒரு தடவை சிரிப்புப் பயிற்சி. எல்லாரும் ரிசப்ஷனில் வட்டமாக நின்று ஹா ஹா என்று சிரிக்க வேண்டும். மாடியில் தங்கியிருந்த வெளிநாட்டுக்காரர் என்னவோ ஏதோ என்று பயந்து அன்றைக்கே ரூமைக் காலி செய்துவிட்டார்.

அந்தப் பாஸ்கர்தான் போன் செய்தார்.

“மேடம், நம்ம ஸ்டாஃபுங்க எல்லாம் ரொம்ப ஸ்ட்ரெஸ்ல இருக்காங்க. ஞாயித்துக்கெழம காலைல எல்லாரையும் கூட்டிக்கினு கிரிவலம் போறோம். வெல்னஸ் வாக்! நீங்களும் வந்து, நடுவுல மன அமைதி பத்தி நாலு வார்த்தை பேசணும்.”

“நைட் டூட்டி பாத்தவங்களுக்கு அது தூங்குற நேரமாச்சே பாஸ்கர்?”

“தூக்கம் என்ன மேடம் தூக்கம்... மலைய சுத்துனா எனர்ஜி தானா வந்துடும்.”

அங்கேயே நான் உஷாராகியிருக்க வேண்டும். ஆனால் அடுத்து ஒன்று சொன்னார் பாருங்கள்... “நீங்க எழுதுறத படிச்சாலே எங்களுக்கு பாதி பாரம் கொறஞ்சிடுது மேடம்.” இதற்கு மயங்காத எழுத்தாளர் உலகத்தில் உண்டா? உடனே உட்கார்ந்து, மூச்சுப் பயிற்சி, நேர்மறை எண்ணம், நன்றியுணர்வு என்று ஒரு பிரசங்கம் தயார் செய்துவிட்டேன்.

லாட்ஜைப் பார்த்துக்கொள்ள ரெண்டு பேரை விட்டுவிட்டு, மற்றவர்கள் எல்லாம் விடியற்காலையில் கிளம்பினோம். பாதிப் பேருக்குக் கண்ணே திறக்கவில்லை. ரூம் கூட்டிப் பெருக்குகிற அஞ்சலை, நடந்துகொண்டே தூங்கும் கலையைக் கற்றிருந்தார். பாஸ்கர் மட்டும் முன்னால் துள்ளிக்கொண்டு போனார். ஒவ்வொரு லிங்கத்தின் சன்னதி வந்ததும் எல்லாரையும் நிறுத்தி ஒரு போட்டோ. சென்னையில் இருக்கிற முதலாளிக்கு அனுப்ப வேண்டுமாம். “சிரிங்க... மஞ்சுளா, நீ எங்கம்மா போன? ஃப்ரேமுக்குள்ள வா!”

மஞ்சுளா வரவில்லை.

மஞ்சுளா ரிசப்ஷனிஸ்ட். முப்பது வயதைக் கொஞ்சம் தாண்டியிருப்பாள். அந்த லாட்ஜுக்கு எப்போது போனாலும் கவுண்டருக்குப் பின்னால் அவள் சிரிப்புதான் முதலில் தெரியும். தமிழ், தெலுங்கு, தேவைக்கு இங்கிலீஷ் என்று மூன்றிலும் சிரிப்பாள். அன்றைக்கு அந்த முகத்தையே காணோம். கண்ணுக்குக் கீழே கருவளையம், கன்னம் ஒட்டிப்போய்... ஏதோ காய்ச்சலில் கிடந்து எழுந்து வந்தவள் மாதிரி இருந்தாள்.

இன்னொன்றையும் கவனித்தேன். எல்லாரும் சன்னதிக்குள் போனால் இவள் மட்டும் வெளியே நின்றுகொள்கிறாள். “நீங்க போங்க, நான் பைங்கள பாத்துக்கறேன்” என்கிறாள். முதலில் நான் நினைத்தது, பெண்கள் எல்லாரும் நினைப்பதைத்தான். சரி, அந்த நாள் போலிருக்கிறது என்று பேசாமல் விட்டேன். அடுத்த சன்னதியில் கொடுத்த விபூதியை அவளிடம் நீட்டினேன். கையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள்.

“வேணாங்கா.”

“வீட்டுக்காவது எடுத்துட்டு போயேன்.”

“வேணாங்கா... எனக்கு அதெல்லாம் ஆவாது இப்ப.”

குரல் சரியில்லை. நிருதி லிங்கம் பக்கத்தில் ஒரு டீக்கடை. மற்றவர்களைப் பாஸ்கர் வரிசையாக நிறுத்தி போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார். நான் ரெண்டு டீ சொல்லிவிட்டு மஞ்சுளாவை பெஞ்சில் உட்கார வைத்தேன். டம்ளரை வாங்கினாள். டீ தளும்பியது.

“தூங்கி எவ்ளோ நாளாச்சு மஞ்சு?”

அவ்வளவுதான் கேட்டேன். பொலபொலவென்று கண்ணீர்.

பௌர்ணமி என்றால் எங்கள் ஊர் என்ன ஆகும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நீங்களே வந்து நசுங்கியிருப்பீர்கள். அதிலும் சித்ரா பௌர்ணமி! லாட்ஜில் ரூமெல்லாம் எப்போதோ புக் ஆகியிருக்கும். ஆனால் ஜனம் கேட்காமல் இருக்குமா? பஸ்ஸை விட்டு இறங்கி, கண்ணில் பட்ட போர்டைப் பார்த்து உள்ளே வருவார்கள். காலையில் ஆரம்பித்தால் மறுநாள் வரை மஞ்சுளாவுக்கு ஒரே வசனம்தான். ‘ரூம் இல்லீங்க.’

“அது பரவால்லக்கா. ரூம் இல்ல, இல்லன்னு சொல்றேன். திட்டுவாங்க, போய்டுவாங்க. ஆனா கொழந்தைய தூக்கிக்கினு வர்றவங்க, வயசானவங்க... ‘சும்மா ஒரு ஓரமா உக்காந்துட்டு போறோம்மா’னு கேப்பாங்க. அத்தயும் வேணாம்னு சொல்லணும்.”

ஏன் சொல்ல வேண்டும்? ரூம் எடுத்தவர்களைத் தவிர வேறு யாரும் உள்ளே உட்காரக் கூடாது என்பது முதலாளி உத்தரவு. அவர் இருப்பது சென்னையில். ஆனால் ரிசப்ஷனில் ஒரு கேமரா உண்டு. அவர் கையில் ஒரு போன் உண்டு. யாராவது சோபாவில் உட்கார்ந்தால் அடுத்த நிமிஷம் கவுண்டரில் மணி அடிக்கும். ‘யாரும்மா அது? எந்த ரூமு?’

சித்ரா பௌர்ணமி அன்று மத்தியானம் ஒரு பெண் வந்திருக்கிறாள். இடுப்பில் கைக்குழந்தை. வெயிலில் குழந்தை துவண்டுபோய்க் கிடந்தது. ரூம் வேண்டாம், காசு வேண்டுமானாலும் தருகிறேன், பிள்ளைக்குப் பால் கொடுத்துவிட்டுப் போகிறேன் என்றாளாம்.

“கீழ ஒரு ஹால் இருக்குதுக்கா. வளைகாப்பு, காதுகுத்துனு சின்ன ஃபங்ஷனுக்கு வுடுவாங்க. பௌர்ணமில யாரு ஃபங்ஷன் வெக்கப் போறாங்க? காலியாத்தான் கெடந்துச்சு. ஃபேன் இருக்குது, பாய் இருக்குது. சாவி என் டிராயர்லயே இருந்துச்சு.” மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். “சாவிய பக்கத்துல வெச்சிக்கினே எடம் இல்லன்னு சொன்னேங்கா.”

அந்தப் பெண் வெளியே போனாள். வாசலில் கால்வாய் தோண்டிக் குவித்திருந்த மண்ணில் ஒரு கை அள்ளினாள். லாட்ஜ் வாசலைப் பார்த்து வாரித் தூற்றினாள்.

“‘சாமி பாக்க வந்தவள தொரத்துறியே, நீ நல்லா இருப்பியா? உன் வூடு வெளங்குமா?’னு சொல்லிட்டுப் போய்டுச்சுக்கா.”

மண்ணை வாரித் தூற்றுவது என்றால் நம் பக்கத்தில் என்ன அர்த்தம் என்று உங்களுக்குத் தெரியும். திட்டு காதோடு போகும். மண் அப்படிப் போகாது. அதுவும் மலைக்கு எதிரில் நின்று, பௌர்ணமி அன்று, கைக்குழந்தையோடு ஒருத்தி தூற்றினால்?

இரண்டாம் நாள் மஞ்சுளாவின் கணவர் எழுமலை பைக்கோடு விழுந்து கையை உடைத்துக்கொண்டார். அவர் கீழ்பென்னாத்தூரில் ஒரு மணிலா மண்டியில், அதாவது வேர்க்கடலை மண்டியில், வேலை பார்க்கிறவர். கட்டுப் போட்டுக்கொண்டு வந்து நின்ற மனிதரைப் பார்த்ததிலிருந்து இவளுக்குச் சோறு இறங்கவில்லை, தூக்கம் இல்லை. கண்ணை மூடினால் மண் பறக்கிறது. போன் மணி அடித்தால் நெஞ்சு படபடக்கிறது. கோயில் பக்கமே போகவில்லை.

“அவரு எதிர்லயே அவர பாக்க வந்தவங்கள தொரத்தி வுட்டுட்டேன். எந்த மூஞ்ச வெச்சிக்கினு உள்ள போவேன்? அடுத்த பௌர்ணமி வந்தா நான் செத்துடுவேங்கா. வேலைய வுட்டுடலாம்னு இருக்கேன். இவருக்கு கை வேற இப்பிடி... வுட்டா அடுப்பு எரியாது. வுடலன்னா நான் இருக்க மாட்டேன்.”

இந்த இடத்தில் மன அமைதி நிபுணரான நான் என்ன சொன்னேன் தெரியுமா?

“அதெல்லாம் மனசுல வெச்சுக்காதம்மா.”

எத்தனை சுலபமாக வந்தது வாயில்! நீங்களும் சொல்லியிருப்பீர்கள். நாம் எல்லாருமே சொல்கிறோம். மஞ்சுளா என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

“நானாக்கா வெச்சிக்கறேன்? அதுவா வந்து உக்காந்துகிச்சு.”

ஆறிப்போன டீயைக் குடித்தேன்.

அடிஅண்ணாமலை தாண்டி ஒரு மரத்தடியில் டிபனுக்கு உட்கார்ந்தோம். பொங்கல், வடை. சாப்பிட்டு முடித்ததும் பாஸ்கர் எழுந்து கைதட்டினார். “இப்ப மேடம் நமக்காக மன அமைதி பத்தி பேசுவாங்க!”

எழுந்து நின்றேன். பத்து பதினைந்து ஆரஞ்சு டி-ஷர்ட்கள் என்னைப் பார்த்தன. பாதிக் கண்கள் சொக்கின. மூச்சை எப்படி இழுத்து விட வேண்டும் என்று இவர்களுக்கா சொல்வது? இவர்கள் மூச்சு விடுகிறார்களே, அதுவே பெரிசு. தயார் செய்ததை விட்டுவிட்டு ஒரு கேள்வி கேட்டேன்.

“போன பௌர்ணமில உங்கள யாரு ரொம்ப மோசமா திட்டுனாங்க? என்ன சொல்லித் திட்டுனாங்க?”

வாட்ச்மேன் ஆறுமுகம் மெதுவாகச் சொன்னார். “என்ன பாத்து, ‘கேட்டுல எதுக்கு நாய கட்டி வெச்சிருக்கீங்க’ன்னாரு ஒருத்தரு. நானும் பின்னால திரும்பி நாய தேடுறேன்...”

குபீரென்று சிரிப்பு. அவ்வளவுதான், மடை திறந்துவிட்டது. அஞ்சலைக்குத் தூக்கம் கலைந்துவிட்டது. “வெந்நி லேட்டாயிடுச்சாம், பக்கெட்ட எட்டி ஒதைக்கறாரு. கழுத்துல இம்மா பெரிய ருத்ராட்சம் வேற!” ஒருவர் சொல்லச் சொல்ல இன்னொருவர் “இது இன்னா, என்ன கேளு” என்று ஆரம்பித்தார். யார் வாங்கிய திட்டு ஒசத்தி என்று போட்டி. பாஸ்கர் நடத்திய சிரிப்புப் பயிற்சியில் ஒரு நாளும் இப்படி ஒரு சிரிப்பு வந்திருக்காது.

சிரிப்பு அடங்கிய இடைவெளியில் மஞ்சுளா சொன்னாள்.

“எனக்கு மண்ண வாரி தூத்திட்டாங்க.”

யாரும் சிரிக்கவில்லை. அவள் டீக்கடையில் என்னிடம் சொன்னதை எல்லாம், ஹால் சாவி உட்பட, அங்கேயும் சொன்னாள். கடைசியில் பாஸ்கரைப் பார்த்தாள். “அன்னிக்கி சாயந்தரம் கீழ வந்தீங்க சார். ‘சூப்பர்மா, செமயா சமாளிச்சிட்ட’ன்னு சொன்னீங்க. அப்பதான் சார் எனக்கு அழுகையே வந்துச்சு.”

பாஸ்கரின் முகம் போன போக்கைப் பார்க்க எனக்கே பாவமாக இருந்தது. கையில் இருந்த போனை மடியில் கவிழ்த்து வைத்தார்.

“நான் மாடில ஆபீஸ்ல இருந்தேன்மா. கேமராவுல பாத்தேன். சத்தம் கேக்காது இல்ல... யாரோ சண்ட போட்டுட்டு போறாங்கன்னு நெனச்சிட்டேன்.” டி-ஷர்ட்டின் நுனியைத் திருகினார். “உண்மைய சொல்றதுன்னா, எனக்கு இல்லன்னு சொல்ல வராது. யாராச்சும் வந்து கேட்டா கொழகொழன்னு ஆயிடுவேன். அதான் பௌர்ணமின்னா மாடிக்கு போயிடுவேன். மஞ்சுளா நல்லா சமாளிக்குதேன்னு...”

இதுதான், வாசகர்களே, எல்லா ஆபீஸிலும் நடக்கிறது. நன்றாகச் சமாளிக்கிற ஆள் ஒருவர் கிடைத்தால் போதும். எல்லா மூட்டையையும் அவர் தலையில் ஏற்றிவிட்டு, கீழே நின்று கைதட்டுகிறோம். அவரும் பாவம், கைதட்டல் கேட்கிறதே என்று சிரித்துக்கொண்டே சுமக்கிறார். கழுத்து முறிகிற சத்தம் நமக்குக் கேட்பதில்லை.

அஞ்சலை வேறு ஒரு கோபத்தில் இருந்தார். “எவ அவ, மண்ண தூத்துனவ? என் கைல கெடச்சிருக்கணும்!” என்று எழுந்தவர், அடுத்த மூச்சிலேயே, “கைக்கொழந்தையோட வேற வந்தாளா... அவ மட்டும் இன்னா பண்ணுவா பாவம்” என்று உட்கார்ந்தார். பிறகு நேராக எதிர்க் கடைக்குப் போய்க் கல்லுப்பும் காய்ந்த மிளகாயும் வாங்கி வந்தார். ரோட்டோரத்தில் மஞ்சுளாவைக் கிழக்கே பார்த்து உட்கார வைத்துச் சுற்றினார். “கண்ணுபட்டது, வாய்பட்டது, மண்ணுபட்டது எல்லாம் போவட்டும். துப்பு... துப்புமா!” மஞ்சுளா துப்பினாள். சுள்ளி பொறுக்கிக் கொளுத்தியது ஆறுமுகம். மிளகாய் நெடியில் எல்லாருக்கும் இருமல். வெல்னஸ் டி-ஷர்ட்டால் மூக்கை மூடிக்கொண்டு பாஸ்கரும் இருமினார்.

எனக்கு இதில் நம்பிக்கை உண்டா என்று கேட்காதீர்கள். மஞ்சுளாவைச் சுற்றி அத்தனை பேர் நின்றார்கள். அதில் எனக்கு நம்பிக்கை உண்டு.

ஆனால் உப்பு மிளகாயோடு முடிகிற விஷயமா இது? அன்றைக்கும் அவள் தூங்கவில்லை. அந்த வாரமே அவளை அரசு மருத்துவமனைக்கு அழைத்துப்போனேன். மனநல டாக்டர் என்றதும் பயந்தாள். “பைத்தியம்னு எழுதிடுவாங்களாக்கா? தெரிஞ்சவங்க யாராச்சும் பாத்துட்டா?” துப்பட்டாவால் தலையை மூடிக்கொண்டு வரிசையில் நின்றாள். அவளுக்கு முன்னால் இன்னொரு முக்காடு. திரும்பியது. பக்கத்துத் தெரு லாட்ஜின் ரிசப்ஷனிஸ்ட்!

“நீ எங்கடி இங்க?”

“பல்லு வலி. நீ?”

“எனக்கும் பல்லுதான்.”

ரெண்டு பேர் தலைக்கும் மேலே ‘மனநலப் பிரிவு’ என்று போர்டு தொங்கியது. ஒருத்தி மேலே பார்த்தாள். இன்னொருத்தியும் பார்த்தாள். பிறகு ரெண்டு பேரும் கையைப் பிடித்துக்கொண்டு சிரித்த சிரிப்பு... அழுகையும் கலந்துதான். நல்லவேளை, அந்த வரிசையில் யாரும் யாரையும் ஒரு மாதிரியாகப் பார்க்கவில்லை.

டாக்டர் ஒரு இளம் பெண். பொறுமையாகக் கேட்டார். உன் மேல் குற்றம் இல்லை என்று ஒரு தடவை கூடச் சொல்லவில்லை. “ஹால் கதவத் திறந்து விட்டிருந்தா உங்களுக்கு எப்படி இருந்திருக்கும்?” என்று மட்டும் கேட்டார். மஞ்சுளா ரொம்ப நேரம் யோசித்தாள். “நிம்மதியா இருந்திருக்கும் மேடம்” என்றாள். தூக்கத்துக்குக் கொஞ்ச நாளைக்கு மாத்திரை, அவ்வப்போது வந்து பேச வேண்டும், முடிந்தால் அடுத்த பௌர்ணமிக்கு லீவு... இவ்வளவுதான் வைத்தியம்.

எழுமலையையும் பார்த்தேன். கட்டுப்போட்ட கையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தார். “காதுல ஹெட்போன மாட்டிக்கினு பாட்டு கேட்டுக்கினே வந்தேங்கா. பள்ளத்த பாக்கல. இதுக்கு யாராச்சும் மண்ண வேற தூத்தணுமா? சொன்னா நம்ப மாட்டேங்குது இது.” மஞ்சுளா அவரை முறைத்தாள். எனக்கு அந்த முறைப்பைப் பார்த்ததும்தான் கொஞ்சம் தைரியம் வந்தது.

அடுத்த பௌர்ணமி. மஞ்சுளாவுக்கு லீவு. கவுண்டரில் யார்?

பாஸ்கரேதான்! காலையில் போய் எட்டிப் பார்த்தேன். இஸ்திரி போட்ட சட்டை, நெற்றியில் சந்தனம், வாயெல்லாம் சிரிப்பு. “பாருங்க மேடம், பாசிட்டிவா சொன்னா யாரும் கோச்சுக்க மாட்டாங்க” என்றார். மத்தியானம் திரும்பிப் போனபோது சட்டை கசங்கி, சந்தனம் வழிந்து, தொண்டை கட்டியிருந்தது.

“ஆந்திராலேருந்து வந்தவங்க தெலுங்குல திட்டறாங்க மேடம். புரியல, அது ஒண்ணுதான் ஆறுதல். மஞ்சுளாவுக்கு புரியுமே... ரெண்டு பாஷைலயும் வாங்கியிருக்குது பாவம்.”

அவர் சொல்லி முடிக்கவில்லை, ஒரு வயதான தம்பதி உள்ளே வந்தார்கள். அந்த அம்மாவுக்குக் கால் வீங்கியிருந்தது. ரூம் இல்லை என்றதும், செத்த நேரம் உட்கார்ந்துகொள்ளலாமா என்று அந்தப் பெரியவர் கேட்டார். பாஸ்கர் வாயைத் திறந்தார். சத்தம் வரவில்லை. கண் கலங்கிவிட்டது மனிதருக்கு. அங்கேயே நின்றபடி முதலாளிக்குப் போன் போட்டார். தொண்டை கட்டியதால் ஸ்பீக்கரில் போட்டார். அதனால் எல்லாம் எனக்கும் கேட்டது.

“சார், கீழ் ஹால தெறந்து வுடறேன். வயசானவங்க, கொழந்த வெச்சிருக்கவங்க உக்காரட்டும்.”

“பாஸ்கர், ரூம் எடுத்தவங்க என்ன சொல்லுவாங்க? ஏதாவது காணாம போனா யாரு பொறுப்பு?”

“நான்தான் சார் பொறுப்பு.”

“நமக்கு எதுக்குய்யா இந்த வம்பு?”

“சார்... ஒரே ஒரு பௌர்ணமி நீங்க வந்து இந்த கவுண்டர்ல நில்லுங்க. அப்புறம் நீங்க என்ன சொன்னாலும் கேக்கறேன்.”

பாஸ்கருக்கு இல்லை என்று சொல்ல வராதாம்! எனக்குப் புல்லரித்தது. வேலை போனால் அவருக்கும்தானே வீட்டில் அடுப்பு எரிய வேண்டும்? முதலாளி சொன்னார். “இரு, வீட்ல ஒரு வார்த்தை கேட்டுட்டு சொல்றேன்.”

கொஞ்ச நேரத்தில் திரும்பக் கூப்பிட்டது முதலாளியின் மனைவி. “ஏம்ப்பா, ஹால் சும்மாதான கெடக்குது? மொதல்ல தெறந்து வுடு. குடிக்க தண்ணி வை. இவரு கெடக்கறாரு.”

இப்போது அந்த லாட்ஜில் பௌர்ணமிக்கு யாரும் கவுண்டரில் தனியாக நிற்பதில்லை. இரண்டு இரண்டு பேராக, மாற்றி மாற்றி. நின்று முடித்தவர் ஓய்வெடுத்தே ஆக வேண்டும், அது மேனேஜர் உத்தரவு. மேனேஜருக்கும் முறை உண்டு. மாடி ஆபீஸைப் பௌர்ணமி அன்று அவரே பூட்டிவிடுகிறார். ‘ரூம் இல்லீங்க’ என்பதை இன்னமும்தான் சொல்கிறார்கள். ஆனால் அதற்குப் பிறகு இன்னொரு வாக்கியம் வருகிறது. ‘கீழ ஹால் இருக்குது, உக்காந்துட்டு போங்க.’

நான் இத்தனை நாள், வேலை ஜாஸ்தியானால் மனசு கெட்டுப்போகும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அப்படி இல்லை. வேலையைச் செய்துவிடலாம். உடம்பு அலுக்கும், படுத்தால் சரியாகிவிடும். நம் மனசுக்கு ஒப்பாத ஒன்றை நம் வாயாலேயே நாள் முழுக்கச் சொல்ல வைக்கிறார்கள் பாருங்கள்... அதற்கு எந்த மூச்சுப் பயிற்சியும் உதவாது. வங்கியில், ஆஸ்பத்திரியில், பள்ளிக்கூடத்தில், கவுண்டருக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் எத்தனை மஞ்சுளாக்கள் டிராயரில் ஒரு சாவியை வைத்துக்கொண்டு ‘இல்லை’ என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்? உங்கள் ஆபீஸில் ஒருவர் இருப்பார். கொஞ்சம் பாருங்கள். ஒருவேளை அது நீங்களாகவே இருந்தால், டீக்கடைக்கு யாரையாவது கூட்டிக்கொண்டு போய்ச் சொல்லிவிடுங்கள்.

மஞ்சுளா வேலையை விடவில்லை. டாக்டரிடம் இன்னும் போகிறாள். தூக்கம் ஒரு நாள் வருகிறது, ஒரு நாள் வருவதில்லை. கோயிலுக்குப் போனாளா என்று நான் கேட்கவில்லை. அது அவளுக்கும் அவருக்கும் உள்ள விவகாரம்.

இந்தப் பௌர்ணமிக்குத்தான் அவள் மறுபடி கவுண்டரில் நின்றாள். எனக்கு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. மத்தியானம் குடையைப் பிடித்துக்கொண்டு போனேன். கவுண்டரில் பாஸ்கரும் அஞ்சலையும்தான் இருந்தார்கள். மஞ்சுளா எங்கே? பாஸ்கர் கீழ் ஹாலைக் காட்டினார்.

எட்டிப் பார்த்தேன். மின்விசிறிகள் சுழல, ஹால் முழுக்க ஜனம். பால் குடிக்கும் குழந்தைகள், கால் நீட்டிய பாட்டிகள், பையைத் தலைக்கு வைத்துப் படுத்த ஆண்கள். நடுவில் ஒரு பாயில், முறை முடித்த மஞ்சுளா சுருண்டு கிடந்தாள். யார் வீட்டுக் குழந்தையோ அவள் மேல் காலைப் போட்டிருந்தது. வாய் லேசாகத் திறந்திருந்தது. அப்படி ஒரு தூக்கம்! எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது, மறைக்கவில்லை.

அப்போது வாசலில் ஒரு கும்பல் வந்து, கவுண்டரைத் தட்டி, ரூம் இருக்கிறதா என்று உரக்கக் கேட்டது.

பாஸ்கர் உதட்டில் விரலை வைத்தார்.

“மெதுவா பேசுங்க சார்... எங்க பொண்ணு தூங்குது.”